கோத்தகிரிக் கொட்டகையில் நின்ற ஸ்பிட்ஃபயர்

பள்ளி ஆய்வகத்திலிருந்து ஒரு சட்டக் காந்தத்தை எடுத்து, கைக்குட்டையில் சுற்றி, பைக்குள் போட்டுக்கொண்டுதான் அந்தக் காரைப் பார்க்கப் போனேன். பழைய காரின் வண்ணப்பூச்சுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. காந்தம் சொல்லிவிடும். தகடு இருக்கும் இடத்தில் டக்கென்று ஒட்டும். பட்டி பூசி மறைத்த இடத்தில் பிடிப்பில்லாமல் வழுக்கி இறங்கும். கைக்குட்டை எதற்கென்றால், பூச்சில் கீறல் விழக்கூடாது. அது அப்போது எங்கள் கார் இல்லை.

கோத்தகிரியைத் தாண்டி, ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவின் கொட்டகையில் அது நின்றது. 1966ஆம் ஆண்டு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், மார்க் 2 எனப்படும் இரண்டாம் பதிப்பு. இரண்டே இருக்கை, துணிக் கூரை, 1147 சிசி எஞ்சின், இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர். சிவப்பு வெளுத்துச் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. பங்களா அம்மாவுக்கு எண்பது வயது கடந்துவிட்டது. அவருடைய கணவர் தோட்ட மேலாளராக இருந்தபோது, ஊர் திரும்பிய ஆங்கிலேயர் ஒருவரிடம் வாங்கிய வண்டி. 1994இல் அவர் காலமான பிறகு அதை யாரும் வெளியே எடுக்கவில்லை.

“பெங்களூரிலிருந்து ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். பிரித்துப் பாகம் பாகமாக விற்றுவிடுவார் என்று பயமாக இருக்கிறது. உன் அப்பா கை வைத்த வண்டி. நீங்கள் எடுத்துக்கொள்வதாக இருந்தால் செப்டம்பர் முடிவதற்குள் சொல்லிவிடு. ஐப்பசி மழையை இந்தக் கூரை தாங்காது” என்றார்.

அது ஜூன் மாதம். அன்று முதல் மூன்று மாதம் எங்கள் வீட்டில் வேறு பேச்சு இல்லை.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. குன்னூர் பெட்ஃபோர்டில் நாற்பது வருடம் பட்டறை வைத்திருந்தவர். இப்போது 74 வயது. அவர் தொழில் தொடங்கிய காலத்தில் இந்த மலையில் டாக்டர் வீட்டு வாசலிலும் தோட்ட மேலாளர் வீட்டு வாசலிலும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நிற்கும். சென்னையை ஒட்டிய வண்டலூரில் 1961 முதல் தயாரான கார் அது. இங்கிலாந்தில் அதே கார் டிரையம்ஃப் ஹெரால்டு. ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் இரண்டையும் வரைந்தவர் ஒருவரே, இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோட்டி. 1962இல் ஸ்பிட்ஃபயர் வெளிவந்தபோது, ஹெரால்டின் முன்பக்க சஸ்பென்ஷன், ஸ்டியரிங், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் எல்லாம் பெரிய மாற்றமில்லாமல் அதற்குள் போய்ச் சேர்ந்தன. ஹெரால்டின் 948 சிசி எஞ்சினும் இதுவும் ஒரே குடும்பம். அப்பாவைப் பொறுத்தவரை ஸ்பிட்ஃபயர் என்பது துரை வீட்டில் வளர்ந்த ஹெரால்டு. அவரிடம் இருக்கும் இஞ்ச் ஸ்பேனர்கள் இன்றைக்கும் அதற்குப் பொருந்தும்.

ஆனால் விரல் மூட்டுகள் வீங்கிவிட்டன. காலையில் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார். ஸ்பேனரைப் பிடித்து இறுக்க வேண்டிய கை என்னுடையது. எனக்கு 46 வயது, பிளஸ் டூ மாணவர்களுக்கு இயற்பியல் எடுக்கிறேன். சிறு வயதில் பட்டறையில் பிளக் சுத்தம் செய்ததும், ஜாக்கி அடித்ததும், பெட்ரோலில் போல்ட் கழுவியதும் தவிர எனக்கு அனுபவம் கிடையாது.

இரண்டாவது முறை அப்பாவையும் அழைத்துக்கொண்டு போனேன். இந்த முறை பையில் காந்தத்தோடு வெர்னியர் அளவியும் இருந்தது. அப்பா ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தேங்காய் தட்டிப் பார்ப்பதுபோலக் காரைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தார். பானெட் நன்றாக ஒலித்தது. டிக்கி மூடியும் அப்படியே. இடது கதவுக்குக் கீழே வந்ததும் ஒலி மங்கியது. நான் காந்தத்தை வைத்தேன், விழுந்தது. அப்பா ஸ்க்ரூடிரைவரைத் திருப்பி முனையால் லேசாக அழுத்தினார். உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது டஸ்ட் ரகத் தேயிலைத் தூள்போலப் பழுப்பாகக் கொட்டியது. இரண்டு கை நிறைய அள்ளியிருக்கலாம்.

அடுத்து, மூடிய கதவின் பின் விளிம்புக்கும் உடலுக்கும் இடையே உள்ள சந்து எவ்வளவு என்று அளந்தேன். மேலே 3 மில்லிமீட்டர். கீழே 7 மில்லிமீட்டர். இரண்டு முறை அளந்தும் அதேதான். கார் நடுவில் தொய்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். தொய்ந்தால் மேல் சந்து நெருங்கும், கீழ்ச் சந்து விரியும்.

இதை எழுதுவதே முக்கியமாக இந்த இடத்துக்காகத்தான், அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். ஸ்பிட்ஃபயருக்கு ஹெரால்டைப்போலத் தனிச் சட்டம் உண்டு, உடலை அதன்மேல் போல்ட் போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். ஆனால் ஹெரால்டின் சட்டத்தில் இரண்டு பக்கமும் நீளவாக்கில் ஓடும் தாங்கிகளை ஸ்பிட்ஃபயரில் எடுத்துவிட்டார்கள். நடுவில் முதுகெலும்புபோல ஒரு சட்டம் மட்டும். பக்கங்களின் பலம் முழுவதும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி வடிவப் பகுதியில் இருக்கிறது. சில் என்பார்கள். வெளித் தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவே பலம் சேர்க்க ஒன்று என்று மூன்று அடுக்கு. மழைநீர் உள்ளே புகுந்து, வடியும் துளைகள் அடைத்துக்கொண்டால் உள்ளேயிருந்து அரிக்கத் தொடங்கும். மேல் பூச்சு பளபளவென்றே இருக்கும். கூரை உள்ள காரில் மேற்கூரையும் சுமையைப் பங்குபோட்டுக்கொள்ளும். இதற்குத் துணிக் கூரை. சில் போனால் கார் போயிற்று.

அதை மாற்றும்போது செய்யக்கூடாத தவறு ஒன்று உண்டு. கதவைக் கழற்றிவிட்டு, துருப்பிடித்த சில்லை அப்படியே வெட்டி எடுத்துவிட்டால், உடல் இன்னும் கொஞ்சம் தொய்யும். அந்தத் தொய்வோடு புதிய சில்லை வெல்டிங் செய்தால் அது நிரந்தரமாகிவிடும். பிறகு அந்தக் கதவு என்றைக்கும் சரியாக மூடாது. முதலில் கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் குழாய்களை வைத்துப் பற்றவைத்து, சந்து மேலும் கீழும் ஒரே அளவுக்கு வரும்வரை நிமிர்த்தி, பிறகு ஒரு பக்கம் முடித்து, அடுத்த பக்கம் போக வேண்டும்.

அன்று திரும்பி வரும் வழியில் அப்பா நெடுநேரம் பேசவில்லை. கட்டபெட்டு தாண்டியதும், “எஞ்சின் நன்றாக இருக்கிறது கண்ணு” என்றார். பிளக்குகளைக் கழற்றி எண்ணெய் ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டு, நான்காவது கியரில் போட்டுக் காரைத் தள்ளிப் பார்த்திருந்தார்கள். சுற்றியதாம்.

என் கணவர் வங்கியில் வேலை செய்கிறவர். அவர் கேட்டது ஒரே கேள்வி: வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எனக்கு நேரம். ஐந்து மணி நேரம் என்று வைத்தாலும், பிப்ரவரி, மார்ச்சில் தேர்வு வேலை, அடைமழை வாரங்கள், கல்யாணம் காட்சி எல்லாம் கழித்தால் வருடத்துக்கு 150 மணி நேரம் தேறியது. முழுவதும் நாமே செய்தால் என்ன ஆகும் என்று அப்பாவிடம் கேட்டேன். ஆயிரம் மணி நேரத்துக்குக் குறையாது என்றார். அதாவது ஆறு, ஏழு வருடம். அப்பாவுக்கு 81 வயது ஆகியிருக்கும்.

கோயம்புத்தூரில் பழைய கார்களைச் சீர்செய்யும் ஒரு பட்டறையில் விசாரித்தேன். முழுவதையும் ஒப்படைத்தால் வாங்கும் விலையைப்போல மூன்று பங்கு செலவாகும் என்று சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. வேலை தெரிந்தவர்களின் ஆயிரம் மணி நேரத்துக்கு அந்தக் கூலி நியாயமானதுதான். அவ்வளவு பணம் எங்களிடம் இல்லை, அவ்வளவே.

அப்பாவுக்கு வேறொரு பயம் இருந்தது. அவருடைய நாற்பது வருடத்தில் ஐந்து பேர் இப்படி ஆசையாகத் தொடங்கி, முழுவதையும் பிரித்துப்போட்டு, பிறகு முடியாமல் அவரிடம் கொண்டுவந்திருக்கிறார்கள். பிஸ்கட் டின்னில் போல்ட்டுகள், அரிசிச் சாக்கில் வயரிங், எந்தக் கம்பி எங்கே போகும் என்று யாருக்கும் நினைவில்லை. ஐந்தில் ஒன்றுகூட மறுபடி ஓடவில்லையாம். ஊரில் நூற்றாண்டைக் கடந்த மலை ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது, குன்னூர்ப் பணிமனையில் நீராவி எஞ்சினைப் பார்க்கிறோம். பழுதான பாகத்தைக் கழற்றுகிறார்கள், சரியானதைப் பூட்டுகிறார்கள், வண்டி தண்டவாளத்துக்குப் போய்விடுகிறது. “அதைப்போலச் செய்வதாக இருந்தால் நான் வருகிறேன். மொத்தமாகப் பிரிப்பதாக இருந்தால் வரமாட்டேன்” என்று அப்பா சொல்லிவிட்டார்.

நாமே செய்வதா, வெளியே கொடுப்பதா என்று முழுக் காரையும் ஒரே கேள்விக்குள் அடைத்துப் பார்த்தவரை எனக்கு விடை கிடைக்கவில்லை. ஆகஸ்டில் ஒரு நாள் ஆய்வக விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோதுதான் கேள்வியை மாற்றிக் கேட்கத் தோன்றியது. நான் ஒரு தவறு செய்தால் அது எங்கே தெரியும்? கொட்டகையில் தெரியுமா, மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில் பர்லியார் வளைவில் தெரியுமா?

பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்.யு. கார்புரேட்டரின் அடியில் சின்ன ஊசிபோல ஒன்று இருக்கும். எஞ்சின் ஓடும்போது அதை விரலால் மேலே தள்ளி, உள்ளே உள்ள பிஸ்டனை இம்மியளவு தூக்க வேண்டும். எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. ஒரு நொடி ஏறி மறுபடி பழைய நிலைக்கு வந்தால் சரி. இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்று பார்க்க, ரப்பர் குழாயின் ஒரு முனையை அதன் வாயில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துச் சீறலைக் கேட்டு ஒப்பிட வேண்டும். சிறு வயதில் அப்பா எனக்கு அந்தக் குழாயைக் காதில் வைத்துக் காட்டியிருக்கிறார். குன்னூர் 1850 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. அதனால் சமவெளிக்குச் சரிசெய்த கார் இங்கே பெட்ரோலை அதிகமாகக் குடித்துக் கரும்புகை விடும். இங்கே சரிசெய்துகொண்டு மேட்டுப்பாளையம் இறங்கினால் பெட்ரோல் போதாது. பெட்ரோலை அளந்து விடுவதற்கு எந்த ஊசி, எத்தனை திருகு என்று மெல்ல மெல்லக் கண்டுபிடிக்க வேண்டிய வேலை இது. தவறினால் எஞ்சின் இருமும். மறுபடி திருகலாம். யாருக்கும் அடிபடாது.

வயரிங்கும் அப்படியே, ஃபியூஸ் போகும். இந்த மார்க் 2இல் பேட்டரியின் பாசிடிவ் முனைதான் காரின் உடலோடு இணையும், இன்றைய கார்களுக்கு நேர் எதிர். அது தெரிந்தால் மற்றது பொறுமை. இருக்கைத் தையல், துணிக் கூரை, டாஷ்போர்டு மீட்டர்கள், பெட்ரோல் குழாய்கள் எல்லாம் எங்களுக்கு. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் இருப்பதால், பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயாஃபிரத்தையும் எத்தனாலைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றியே ஆக வேண்டும்.

எஞ்சின் ஹெட் கோயம்புத்தூர் லேத்துக்குப் போகும். 2000ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நின்றுபோனது. இந்தப் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வு உட்காரும் இடத்தைக் காத்துவந்தது அந்த ஈயம்தான். இனி கடின இரும்பு வளையம் பதிக்க வேண்டும். அதைக் கையால் செய்ய முடியாது.

சில் வெல்டிங் என் கைக்கு இல்லை. ஆறு மாதம் பயிற்சி எடுத்தால் வந்துவிடும் என்று இணையத்தில் நிறையப் பேர் சொல்கிறார்கள். வரலாம். மேலே பார்க்க அழகாக ஓடிய வெல்டிங், உள்ளே தகட்டோடு சேராமல் இருந்தால் எனக்குத் தெரியாது. கொட்டகையில் அது எதுவும் சொல்லாது. மேட்டுப்பாளையம் மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் உடல் முறுக்கேறும்போது சொல்லும். தினமும் அதையே செய்கிறவரிடம் கொடுக்கிறோம். குழாய் வைத்து நிமிர்த்தும்போது வெர்னியரோடு நானும் அங்கே இருப்பேன் என்று சொல்லியிருக்கிறேன், அவரும் ஒப்புக்கொண்டார்.

மலையில் இந்தக் காரை ஓட்ட நினைப்பவர்கள் பின் ஆக்சிலைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். பின் சக்கரங்கள் இரண்டும் நடுவிலிருந்து தனித்தனியாக ஊஞ்சல்போல ஆடும், குறுக்கே ஒரு லீஃப் ஸ்பிரிங். வளைவில் வேகமாக நுழைந்துவிட்டுப் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்பகுதி எழும்பி, வெளிச் சக்கரம் உள்ளே மடங்கி, கார் பம்பரமாகச் சுற்றிவிடும். 1970இல் வந்த நான்காம் மார்க்கில்தான் அந்த ஸ்பிரிங்கை மாற்றி இதைப் பெருமளவு அடக்கினார்கள். எங்கள் காரிலும் அந்தப் பிற்கால ஸ்பிரிங்கைப் பூட்டலாமா என்று அப்பாவும் நானும் இன்னும் விவாதிக்கிறோம். அவர் வேண்டாம் என்கிறார், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்தால் போதும் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் இதே கார் சுமார் 24 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்கு இடம் விட்டு ஒரே திருப்பில் ஏறுவதை நினைத்தாலே எனக்கு உள்ளங்கை குறுகுறுக்கிறது.

இட விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் கொட்டகை 16 அடி நீளம், கார் 12 அடி. ஆனால் ஸ்பிட்ஃபயரின் பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து முழுவதும் முன்பக்கம் சாயும். கொட்டகையின் பின்சுவர் மண்சரிவை ஒட்டியது, மழையில் கசியும். அதனால் காரைப் பின்னோக்கி உள்ளே விட்டு, பானெட் வாசல் பக்கம் திறக்கும்படி வைத்தாயிற்று. வண்ணம் பூசுவது இங்கே நடக்காது. மூடுபனியில் பூசினால் ஈரம் பட்டு வெளிறிப்போகும். அது கோடையில், கீழே கோயம்புத்தூரில்.

ஆவணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 முதல், பதிவாகி 50 ஆண்டு தாண்டி, மூல வடிவம் மாறாத கார்களைத் தொன்மை வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும், அன்றாடப் பயணத்துக்கு ஓட்டக்கூடாது. பங்களா அம்மா ஆர்.சி. புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கணவரின் கண்ணாடியோடு சேர்த்துப் பீரோவில் வைத்திருந்தார்.

வெளியே போகும் வேலைகளைக் கழித்து மறுபடி கணக்குப் போட்டபோது, எங்கள் பங்குக்கு 450 மணி நேரம் வந்தது. மூன்று வருடம். கணவர் காகிதத்தை இரண்டு முறை பார்த்துவிட்டு, “சரி” என்றார். செப்டம்பர் 20ஆம் தேதி பங்களா அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் உடனே எதுவும் பேசவில்லை. பிறகு, “ஓடும்போது கொண்டுவந்து காட்டு” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தோம். அப்பா முதலில் கேட்டது எஞ்சினை அல்ல, 90 கியர் எண்ணெயை. முன் சக்கரங்களைத் தாங்கும் செங்குத்துக் கம்பியின் அடியில், டிரனியன் என்று பித்தளை நிறத்தில் ஒரு கட்டை இருக்கிறது. கம்பி அதற்குள் மரையாக இறங்குகிறது, ஒரு பக்கத்துக்கு வலச் சுற்று, மறுபக்கத்துக்கு இடச் சுற்று. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை திரும்புகிறது. அதற்குக் கிரீஸ் வைக்கக்கூடாது, கியர் எண்ணெய்தான் விட வேண்டும். கிரீஸ் இறுகி மரையின் அடிவரை இறங்காது. அங்கே தண்ணீர் சேர்ந்து, துரு பிடித்து, ஒருநாள் கம்பி முறிந்து சக்கரம் மடங்கிவிடும். ஹெரால்டு காலத்தில் இரண்டு பேர் காரை அப்படிக் கயிறு கட்டி இழுத்து வந்ததை அப்பா பார்த்திருக்கிறார்.

இரண்டு கம்பிகளையும் பிறகு மாற்றத்தான் போகிறோம். ஆனாலும் உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, எண்ணெய் நிரப்பிய துப்பாக்கியை நான் அடித்தேன். அப்பா தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து, வீங்கிய விரல்களால் ஹப்பைப் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டே இருந்தார். இடது பக்கத்தில் இருபது அடிக்குப் பிறகு மரையின் மேல் விளிம்பில் கறுப்பாகக் கசிந்தது. பிறகு பழுப்பு. பிறகு தேன் நிறம். அப்பா விரலில் தொட்டு, கட்டை விரலோடு தேய்த்துப் பார்த்துத் தலையசைத்தார்.

வலது பக்கத்தில் மாலை வரை அடித்தும் ஒரு சொட்டு வரவில்லை. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்திருக்கிறோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி பார்க்க வேண்டும்.